ஜன்னல் வழியாகப் போட்ட பை

"சார், கொஞ்சம் எந்திரிங்க. அது கேப்டனம்மா சீட்டு."

படகு இன்னும் கரையை விட்டு நகரவே இல்லை. அதற்குள் முதல் தகராறு. பெல் சார் கையிலிருந்த அட்டவணையை மடியில் வைத்துக்கொண்டு, கயிறு வீசுகிற ஆளை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு, கேப்டனோட சம்சாரமா?"

"இல்ல சார், நம்மள மாதிரி பயணிதான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவாங்க. இடது பக்கம், நாலாவது வரிசை, ஜன்னலோரம். அவங்க வர்ற நாள்ல அங்க யாரையும் உக்கார விடமாட்டோம்."

"இப்ப அவங்க இல்லையே?"

"மத்தியானச் சுத்துல ரெண்டாவது தீவுல ஏறுவாங்க."

"மத்தியானம் ஏறப் போறவங்களுக்குக் காலையில எட்டு மணிக்கே சீட்டு ரிசர்வா?"

"இப்ப விட்டா அப்புறம் எழுப்ப முடியாது சார். ஜன்னலோரம் உக்காந்தவங்க தானா எந்திரிச்சதா சரித்திரமே கிடையாது."

இருபத்தெட்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தையே தன் அட்டவணைப்படி உட்கார வைத்து எழுப்பிய மனிதர் அவர். எந்த வகுப்புக்கு எந்தப் பாடம், எந்த மணிக்கு எந்த வாத்தியார் என்பதெல்லாம் அவர் போட்ட கட்டங்கள்தான். மணி அடிப்பதைக்கூட ப்யூனிடம் விடமாட்டார், தானே போய் அடிப்பார். பிள்ளைகள் வைத்த 'பெல் சார்' என்ற பெயர் ஊரெல்லாம் பரவி, கோபம் வந்தால் மனைவியே அப்படிக் கூப்பிடும் அளவுக்கு நிலைத்துவிட்டது. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. இப்போது ஒரு கயிற்றுக்காரர் அவரை எழுப்பி வலது பக்கத்தில், இன்ஜினுக்கு நேர் மேலே, ஒரு மீன் கூடைக்கும் ஒரு சைக்கிளுக்கும் நடுவே உட்கார வைத்தார்.

"முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி இப்படியா இருந்தது!" என்று அவர் சைக்கிளிடம் சொன்னார்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் இதே துறையிலிருந்து, கல்யாணமாகிப் பத்தே நாளான மனைவியோடு, அவர் இதே மூன்று தீவுகளைச் சுற்றியிருக்கிறார். மரப் படகு. இருமல் வந்த கிழவர் மாதிரி ஹாரன் அடிக்கும். டிக்கெட் ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். ஒரே நாளில் மூன்று தீவு, ஒரு படகைக்கூடத் தவறவிடவில்லை. அவள் செருப்பில் ஒரு சொட்டுக் கடல் தண்ணீர் படாமல் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். இன்றைக்கும் யாராவது பயணம் என்று வாயைத் திறந்தால் போதும், இந்தக் கதை வந்துவிடும்.

ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி. மூன்றாவது தீவில், கலங்கரை விளக்கத்தின் கீழே, "இங்க கொஞ்ச நேரம் உக்காரலாமாங்க?" என்று அவள் கேட்டாள். படகுக்கு ஆறு நிமிஷம்தான் இருந்தது. "அடுத்த தடவை" என்று சொல்லிவிட்டார்.

அந்த அடுத்த தடவை வரவே இல்லை. பரீட்சை, பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று முப்பத்தொரு வருஷம் போய்விட்டது. ஓய்வு பெற்ற கையோடு, "வா, தீவுக்குப் போகலாம்" என்று நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். நாலு தடவையும் ஒரே பதில்தான். "எனக்குக் கடல் ஒத்துக்காதுங்க. படகைப் பார்த்தாலே தலை சுத்தும்."

சரி, தலை சுற்றாத ஒரு பயணத்தைத் தயார் பண்ணிக் காட்டினால்? எந்தப் படகு ஆடாது, எந்த சீட்டு தோதானது, எந்த நேரத்தில் கடல் அமைதி என்று பார்த்துவிட்டால், கல்யாண நாளுக்கு அவளை எப்படியாவது கிளப்பிவிடலாம். அதற்குத்தான் இந்த ஒத்திகை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தன்னந்தனியாக. அவளுக்குத் தெரியவும் கூடாது. தெரிந்தால், "அதான் பார்த்துட்டு வந்தாச்சே, அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை?" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவாள்.

நல்லவேளையாக அவள் ஊரில் இல்லை. அவளுடைய அக்காவுக்கு முழங்கால் வலி. அந்த வலி வருஷத்துக்கு ஒரு முறை, சொல்லி வைத்த மாதிரி இதே வாரத்தில் வரும். இவள் மூன்று நாள் போய் ஒத்தாசை பண்ணிவிட்டு வருவாள். முதல் இரண்டு நாள் பெல் சாருக்குத் திட்டம் போடுவதிலேயே போய்விட்டது. மிஞ்சியது இன்று ஒரு நாள். ராத்திரி ஏழரைக்கு அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். வீட்டுக்கு இருப்பது ஒரே சாவி. இன்னொன்றை அவர் போன மாதம்தான் தொலைத்திருந்தார். அதனால் ஏழரைக்குள் அவர் வீட்டில் இருந்தாக வேண்டும். படகுத்துறையிலிருந்து வீட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

அட்டவணைப்படி எல்லாம் சரியாக வந்தது. ஒரே ஒரு குறை, அது முப்பத்தொரு வருஷத்துப் பழைய அட்டவணை. பத்திரமாக பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். காலையில் அதைப் பார்த்த டிக்கெட் கவுன்டர்காரர் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

"சார், இதுல இருக்கிற படகையெல்லாம் உடைச்சு வித்தே இருபது வருஷம் ஆச்சு."

"படகு மாறும்யா. கடல் மாறுமா? தூரம் மாறுமா?" என்று கேட்டுவிட்டு வந்திருந்தார் பெல் சார்.

படகு இருபத்தைந்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. முதல் தீவில் இறங்கும்போதே அவர் கணக்கில் பத்து நிமிஷம்தான் மிச்சம். ஓட்டமும் நடையுமாகக் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார். அன்றைக்கு அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்ற வளையல் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. "அப்புறம் பாக்கலாம் வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தது ஞாபகம் வந்தது. நின்று யோசிக்க நேரமில்லாததால் யோசிக்கவில்லை.

துறைக்குத் திரும்பினால் ஒரு படகு நின்றிருந்தது. தாவி ஏறி, குடையை மேலே மாட்டிவிட்டு உட்கார்ந்தார். பெருமூச்சு விட்டார். பக்கத்தில் இருந்த பெரியவரிடம் பெருமையாக, "ரெண்டாவது தீவுக்கு எவ்வளவு நேரம்?" என்றார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இது ஊருக்குத் திரும்பிப் போற படகு."

பெல் சார் பாய்ந்த பாய்ச்சலில் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் இருந்தால் கப் கொடுத்திருப்பார். கால் துறையில் விழுந்தது. குடை படகோடு போயிற்று.

அடுத்த படகு முக்கால் மணி நேரம் கழித்து என்றார்கள். முக்கால் மணி நேரம் என்பது ஒரு முழு பீரியட். சும்மா இருக்க முடியுமா? ஓரமாக ஒரு சரக்குப் படகு கிளம்பத் தயாராக நின்றது.

"ரெண்டாவது தீவுதானே?"

"ஆமா. ஆனா உக்கார இடம் கிடையாது. ஐஸ் பெட்டி மேலதான் உக்காரணும்."

"பரவாயில்ல, அரை மணி நேரம்தானே!"

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவது மரியாதை. இறங்கும்போது பெல் சாரின் பேன்ட் பின்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உடம்பில் பாதி மரத்துப் போயிருந்தது. சரக்குப் படகு போய் நின்றதோ தீவின் பின்பக்கம், ஐஸ் ஆலையின் வாசலில். பயணிகள் துறை தீவின் மறுபக்கம்.

அங்கே நின்றுதான் அவர் மனைவிக்குப் போன் போட்டார். காலையில் ஒரு தடவை பேசாவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும் என்பது அவருடைய கணக்கு. ஆலைக்குள் ஐஸ் உடைக்கிற இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வெகு நேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"என்னங்க, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு ஆச்சு. அக்காவுக்கு முட்டி எப்படி இருக்கு?"

"இப்பத் தேவலை. அங்க என்ன அவ்வளவு சத்தம்?"

பெல் சார் சட்டென்று இயந்திரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். "அது... பக்கத்து வீட்டுல தரையை உடைக்கிறாங்க. ஆமா, உன் பக்கமும் ஏதோ கடகடங்குதே?"

"அக்கா மிக்ஸி போட்டிருக்கா. சரி, வெச்சிடறேன். நல்லா ரெஸ்ட் எடுங்க."

தப்பித்தோம் என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனைப் பையில் போட்டார். பையில் வீட்டுச் சாவி, சாப்பாட்டு டப்பா, தண்ணீர், மூக்குக் கண்ணாடி, இப்போது போன். அட்டவணையையும் நனையாமல் இருக்கட்டும் என்று அதிலேயே வைத்தார்.

தீவைக் குறுக்கே நடந்து பயணிகள் துறைக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. படகு ஒன்று பத்துக்கு. துறையோரத்து டீக்கடையில் ஈரப் பேன்ட்டோடு உட்காரக் கூச்சப்பட்டு நின்றபடியே டீ குடித்தார்.

"உக்காருங்க சார்" என்றாள் கடைக்கார அம்மா.

"பரவாயில்லம்மா. நின்னாதான் காயும்."

அவள் சிரித்துவிட்டாள். "தனியாவா வந்தீங்க? தனியா சுத்தறதுக்கு ஒரு பழக்கம் வேணும் சார். எங்க கேப்டனம்மாகிட்ட கத்துக்கணும். அவசரமே கிடையாது. படகு போனா போகட்டும், அடுத்தது வரும்னு உக்காந்திருப்பாங்க."

"எங்க பார்த்தாலும் கேப்டனம்மா கேப்டனம்மாங்கறீங்களே! யாரும்மா அவங்க? அப்படி என்ன கப்பலா ஓட்டினாங்க?"

"ஒரு தடவை நடுக்கடல்ல இன்ஜின் நின்னுபோச்சு சார். ரெண்டு மணி நேரம். எல்லாரும் ஒரே கூப்பாடு. கேப்டனே கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாரு. இந்தம்மா மட்டும் ஜன்னலோரம் உக்காந்து, அழற குழந்தைங்களைக் கூப்பிட்டுக் கதை சொல்லி, கொண்டு வந்த பிஸ்கட்டைப் பங்கு வெச்சுக் குடுத்தாங்க. அன்னையிலிருந்து அவங்கதான் கேப்டன்."

என் வீட்டுக்காரியாக இருந்தால் மயங்கியே விழுந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார் பெல் சார். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"அவங்க ஏன் தனியா வர்றாங்க? வீட்டுல யாரும் இல்லையா?"

"எல்லாரும் இருக்காங்களாம். முதல் தடவை யாரோ கூட்டிட்டு வந்து, ஓட ஓட விரட்டி, கடல்ல காலைக்கூட நனைக்க விடலையாம். அதனால வருஷத்துக்கு மூணு நாள், காலை நனைச்சுட்டுப் போறதுக்குன்னே வர்றாங்க."

"அடப்பாவமே! கடலுக்குக் கூட்டிட்டு வந்து காலை நனைக்க விடலையா? யாரும்மா அந்த மகானுபாவன்?"

"யாரோ. ஆனா அவங்க அவரைத் திட்டி நான் கேட்டதே இல்ல சார். 'அவரு அப்படித்தான்'னு சொல்லிச் சிரிப்பாங்க."

ஹாரன் கேட்டது. காலையில் வந்த அதே வெள்ளைப் படகு. அதில் ஏறத் தீவே திரண்டு வந்தது போலக் கூட்டம். பலகை வழியாக ஏறுவதற்குள் உட்கார இடம் கிடைக்காது. காலையில் இன்ஜின் மேல், அப்புறம் ஐஸ் மேல். மூன்றாவது தடவையாவது மனிதன் மாதிரி உட்கார வேண்டாமா? பெல் சார் அந்த இக்கட்டில், பஸ் ஸ்டாண்டில் காலம் காலமாக நாம் எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்தார். துறையோரமாக ஓடி, திறந்திருந்த ஒரு ஜன்னல் வழியாகப் பையைத் தூக்கிக் காலி சீட்டில் போட்டார். இடம் பிடித்தாயிற்று. அப்புறம் நிதானமாக வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

அவருக்கு முன்னால் ஆறு பேர் இருக்கும்போது கயிற்றுக்காரர் பலகையைத் தூக்கினார்.

"ஃபுல்லு! அடுத்த படகுல வாங்க!"

"யோவ், நான் சீட்டு போட்டிருக்கேன்யா! பை உள்ள இருக்கு!"

"என்னது?"

"பை! என் பை!"

"அது எங்க இருக்கு?"

பெல் சார் கையை நீட்டிக் காட்டினார். இடது பக்கம், நாலாவது வரிசை, ஜன்னலோரம். கயிற்றுக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "போயும் போயும் அந்த சீட்டுலயா சார் போட்டீங்க? சரி, பயப்படாதீங்க! ஊர்த்துறை கவுன்டர்ல குடுத்துடறேன்!"

படகு விலகியது. ஜன்னலுக்குள் வளையல் போட்ட ஒரு கை அவருடைய பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதை மட்டும் பார்த்தார். கண்ணாடி பையில் இருந்ததால் அதற்கு மேல் தெரியவில்லை.

அடுத்த படகு ஒன்றே கால் மணி நேரம் கழித்து வந்தது. அது மூன்றாவது தீவில் அவரை இறக்கிவிட்டு, "இன்ஜின்ல கொஞ்சம் வேலை இருக்கு, அஞ்சரைக்குத்தான் கிளம்பும்" என்று சொல்லி நங்கூரம் போட்டுவிட்டது. மணி அப்போது மூன்றரை. இனி எப்படிப் போனாலும் ஊர்த்துறைக்கு ஆறரை, வீட்டுக்கு ஏழரை. ஒரு பஸ் தவறினால் தீர்ந்தது. அவள் பூட்டின வாசலில் பெட்டியோடு நிற்பாள். அப்புறம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கல்யாண நாள், ஒத்திகை, எல்லாம் பாழ்.

கையில் அட்டவணை இல்லை. போன் இல்லை. சாப்பாடு இல்லை. பார்க்க வேண்டிய கட்டம் எதுவும் இல்லாததால் பெல் சாருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. திருதிருவென்று விழித்துக்கொண்டு நடந்தார். கால் தானாகக் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டது.

அந்தப் பாறை அப்படியேதான் இருந்தது. அதன் மேல் உட்கார்ந்தார். ஈர ஷூ கடித்ததால் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். ஒரு அலை வந்து அவர் காலை நனைத்துவிட்டுப் போனது.

"அட!" என்றார் வாய்விட்டு.

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் கடலில் முதல் தடவையாகக் காலை வைப்பது வெளியே சொல்லக்கூடிய விஷயமில்லை. ஆனால் உண்மை அதுதான். அன்றைக்கு அவள் செருப்பு நனையாமல் பார்த்துக்கொண்டவர், தன் ஷூவையும்தான் நனைக்காமல் பார்த்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தார். மணி பார்க்கவில்லை. இருபத்து மூன்று வயதில் அவள் இந்தப் பாறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படகுக்கு ஓடி வந்தது கண் முன்னால் நின்றது. ஆறு நிமிஷம் இருந்தது. ஆறு நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம். படகே போயிருந்தாலும் என்ன, அடுத்தது வந்திருக்கும். அவருக்கு அழுகை வந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதார்.

கேப்டனம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த அந்த மகானுபாவனுக்கும் தனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றியது. என்ன, அந்த அம்மாவுக்குத் தனியாகத் திரும்பி வரத் தைரியம் இருந்தது. தன் வீட்டுக்காரி பாவம், தலை சுற்றல்காரி.

அஞ்சரைப் படகில் அவருக்கு ஜன்னலோரமே கிடைத்தது. கடல் ஆடவே இல்லை. அதையெல்லாம் குறித்துக்கொள்ளக் காகிதம் இல்லை, குறிக்கவும் தோன்றவில்லை.

ஆறரைக்கு ஊர்த்துறையில் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு கவுன்டருக்கு ஓடினார். காலையில் இருந்த அதே கவுன்டர்காரர் பையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வாங்க சார். கடல் மாறிச்சா, தூரம் மாறிச்சா?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்யா. பஸ் போயிடும்" என்று பையைத் திறந்தார். போன் இருந்தது. கண்ணாடி இருந்தது. சாப்பாட்டு டப்பா கழுவிக் கவிழ்த்த மாதிரி காலியாக இருந்தது. முதல் தீவில் போன குடைகூட பத்திரமாகச் செருகியிருந்தது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். உதறினார்.

"யோவ், சாவி எங்கய்யா? வீட்டுச் சாவி! ஒரு அட்டவணையும் இருந்ததே! இன்னும் ஒரு மணி நேரத்துல என் வீட்டுக்காரி வந்து வாசல்ல நிப்பா, எனக்கு உயிரே போயிடும்!"

"பதறாதீங்க சார், அது ரெண்டையும் கேப்டனம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார் கவுன்டர்காரர். "பைக்காரர் வந்தா, 'அக்கா வீட்டுல இருந்து வந்தாச்சு, கதவைத் திறந்து வெச்சிருக்கேன், மெதுவா வாங்க. அடுத்த தடவை நானும் கூட வர்றேன், ஆனா அட்டவணை என்கிட்டயே இருக்கட்டும்'னு சொல்லச் சொன்னாங்க."